புளூம் என்பதற்குத் தோகை

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் மட்டக்களப்பு மணல் ஊர்களில் ஒன்றில், முன்பு பெற்றோல் செட் இருந்து மூடப்பட்ட ஒரு வளவின் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்த அறிக்கையைச் சனங்களுக்கு வாசித்துக் காட்டப் போயிருந்தேன். தமிழாக்கத்தில் ‘மாசுப் படலம் கிழக்கு நோக்கி நகர்கிறது’ என்று இருந்தது. வாசித்து முடிக்கவும், பக்கத்து வளவுப் பெரியம்மா எழும்பிப் போய்த் தன் கிணற்றில் ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்தார். வெயிலில் வைத்துச் சரித்துச் சரித்துப் பார்த்தார். “படலம் ஒண்டும் இல்லையே மகன், நல்ல தண்ணிதானே?” என்றார்.

படலம் என்றால் வேறு எதைத் தேடுவார்? தண்ணீரின் மேல் மினுங்குகிற எண்ணெய்ப் பூச்சைத் தேடினார், காணவில்லை, கிணறு நல்லது என்று முடிவெடுத்துவிட்டார். ஒரு பிழையான சொல் ஒரு வீட்டுக்காரரைத் தன் கிணற்றை நம்ப வைத்துவிட்டது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆங்கில மூலத்தில் இருந்த சொல் புளூம் (plume). லத்தீனில் ‘புளூமா’ என்றால் மென்மையான சிறு இறகு. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, தொப்பியில் செருகும் இறகுக்கும், பிறகு புகைபோக்கியிலிருந்து காற்றுப் போகிற பக்கமாக நீண்டு விரியும் புகைக்கும் பெயரானது. ஓரிடத்தில் தொடங்கி ஓட்டத்தோடு நீண்டு, போகப்போக விரிந்து மெலிகிற எதுவும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். நிலத்தடி நீர் படிப்பவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

மண்ணுக்குள் நடப்பது இதுதான். நிலத்தில் புதைத்த தாங்கி துருப்பிடித்து ஒழுகினால், பெற்றோல் கீழே இறங்கி நிலத்தடி நீரின் மட்டத்தில் போய் நிற்கும். தண்ணீரைவிட இலேசானது என்பதால் அதற்குமேல் மிதக்கும். இந்த மிதக்கும் பகுதியைப் படலம் என்று சொல்லலாம், அது பொருந்தும். ஆனால் பெற்றோலில் உள்ள பென்சீன், தொலுயீன், சைலீன் போன்றவை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து, நிலத்தடி நீர் ஓடுகிற திசையில் அதோடு சேர்ந்து போகின்றன. புளூம் என்பது இந்தக் கரைந்த பகுதி. இதற்கு நிறமில்லை, மினுக்கமில்லை. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம்தான், அதை வாளியில் கண்ணால் பார்த்து யாரும் பிடிக்க முடியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? என் விடை மாசுத் தோகை. மயிலுக்குத் தோகை இருப்பது எல்லோருக்கும் தெரியும்; கரும்புக்கும் தோகை உண்டு, அம்பாறைப் பக்கம் கரும்பு வெட்டியவர்களிடம் கேட்டால் கையைக் கிழிக்கும் அந்த நீண்ட தாளைக் காட்டுவார்கள். அடி ஓரிடத்தில் இருக்க மற்றதெல்லாம் நீண்டு போவது தோகை. மிகப் பழைய சொல்லும்கூட: எபிரேய வேதத்தில் மயிலைக் குறிக்கும் ‘துக்கி’ தமிழ்த் தோகையிலிருந்து போனது என்று கால்டுவெல் 1856இல் எழுதினார். இறகிலிருந்து வந்த சொல்லுக்கு இறகையே குறிக்கும் சொல் நம்மிடம் இருக்கும்போது, படலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ‘தாரை’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள், அது பீய்ச்சி அடிப்பதுபோல வேகத்தைச் சொல்கிறது. நிலத்தடி நீர் அப்படி ஓடுவதில்லை.

எங்கள் மணலுக்கு இந்தச் சொல் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்து, 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்ன வழக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். அங்கே சுண்ணக்கல், வெடிப்பு எங்கே போகிறதோ அங்கே தண்ணீர் போகும், தோகையின் வடிவம் கலைந்துவிடும். மணலில் அது கிட்டத்தட்டப் படத்தில் வரைந்த மாதிரியே நீளும். ஆனால் இங்கே சில அடி தோண்டினாலே தண்ணீர். மாரியில் மட்டம் ஏறி, கோடையில் இறங்கும்போது மிதக்கிற பெற்றோலும் கூடவே ஏறி இறங்கி, இடையிலுள்ள மணலையெல்லாம் பூசிவிட்டுப் போகிறது. கோடையில் வாசம் இல்லை என்று நிம்மதியாக இருந்த கிணறு மார்கழியில் மணப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோகையைத் தேடுகிறவர்கள் முதலில் அங்கே வேலை செய்த பழைய ஆட்களிடம் தாங்கி எங்கே புதைந்திருந்தது, குழாய் எப்படிப் போனது என்று கேட்பார்கள். அப்புறம் குறைந்தது மூன்று துளைக் கிணறுகள், ஒரே கோட்டில் அமையாமல் முக்கோணமாக. மூன்றிலும் நீர்மட்டத்தை அளந்தால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது, வாவிக்கா கடலுக்கா, என்று தெரியும். நீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூடி, ஐஸ் பெட்டியில் வைப்பார்கள். குமிழி இருந்தால் பென்சீன் அதற்குள் ஆவியாகி, ஆய்வுகூடத்தில் அளவு குறைத்துக் காட்டும். எங்கள் வளவில் நீர் எடுத்த அன்று ஒரு பையன் ஒரே குப்பியைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்து நான்கு தரம் திரும்ப நிரப்பினான்.

அடுத்த கூட்டத்துக்குப் போனபோது அறிக்கையைக் கையில் எடுக்கவில்லை. குச்சியால் மணலில் தாங்கியைக் கீறி, அதிலிருந்து தோகையை நீட்டி, கிணறுகளுக்குக் கல் வைத்தேன். பெரியம்மா குனிந்து பார்த்தார்.

“அப்ப எங்கட கிணறு தோகையில எந்த இடத்தில?”