கொசியஸ்கோ சுற்றுப் பாதை: ஆற்றை முதலில் கடந்துவிடுங்கள்

ஆஸ்திரேலியாவின் மிக உயரமான மலையான கொசியஸ்கோவுக்குப் போகத் திட்டமிடும் சிட்னி, கான்பெரா தமிழ்க் குடும்பங்கள் பலவும் முதலில் விசாரிப்பது ஏற்றம் எவ்வளவு செங்குத்து என்பதைத்தான். 2,228 மீட்டர் உயரமுள்ள இந்த மலையில் செங்குத்து பெரிய சிக்கலே இல்லை. எந்தப் பக்கமாகச் சுற்றுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஷார்லட் பாஸ் பனிச்சறுக்கு ஊருக்கு மேலே தொடங்கி அங்கேயே முடியும் மெயின் ரேஞ்ச் சுற்றுப் பாதை சுமார் 22 கிலோமீட்டர். எட்டு, ஒன்பது மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு பக்கம் ஸ்னோயி ஆறு, நீல ஏரி, கரதர்ஸ் சிகரம், அல்பைனா ஏரி வழியாக உச்சிக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை. மறுபக்கம் உச்சிக்குக் கீழே உள்ள ராசன் பாஸ் கணவாய் வழியாக இறங்கும் அகலமான பழைய கார் சாலை. சாலை சுலபம் என்று பலர் அதில் ஏறி, ஒற்றையடிப் பாதையில் திரும்புகிறார்கள். அப்படிப் போனால் ஆறு கடைசியில் வரும்.

அந்த ஆற்றைக் கடக்க இருப்பவை மிதிகற்கள். அக்டோபர், நவம்பரில் இரவில் உறையும் பனி பகலில் உருகுவதால், காலையில் கணுக்காலுக்குக் கீழே ஓடிய தண்ணீர் மாலையில் கற்களை மூடியிருக்கலாம். கோடையில் பிற்பகல் இடிமழையும் அதையே செய்யும். கார் நிற்கும் மேடு எதிரே தெரியும், இடையில் ஆறு. திரும்பிச் சுற்றிப் போக இருபது கிலோமீட்டர். களைத்த கால்களோடு அங்கே நிற்பவர் தண்ணீரில் இறங்கத்தான் பார்ப்பார். காலையிலேயே ஆற்றுக்கு வந்தால், கற்கள் மூழ்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அரை மணியில் காருக்குத் திரும்பிவிடலாம். கடக்கும்போது முதுகுப்பையின் இடுப்பு வாரை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பை உங்களை இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

ஆற்றிலிருந்து கரதர்ஸ் வரை சுமார் 400 மீட்டர் ஏற்றம். வழியில் நீல ஏரிக்குப் பிரியும் சிறு கிளைப்பாதையை விட்டுவிடாதீர்கள். பனியாறு குடைந்த பள்ளத்தில் தேங்கிய ஏரி அது. கரதர்ஸைத் தாண்டியதும் மேற்குச் சரிவு திறக்கும். கண்ணுக்கு விருந்து, உடம்புக்கு வேறு கதை. மரமே கிடையாது, மேற்குக் காற்று தடையில்லாமல் அடிக்கும். மேகம் இறங்கி வந்தால் கரதர்ஸிலேயே திரும்பிவிடுங்கள். அங்கிருந்து மிச்சத் தூரம் வந்த தூரத்தைவிட அதிகம்.

ஜீன்ஸும் பருத்தி டி-சர்ட்டும் வேண்டாம். வியர்வையிலோ தூறலிலோ நனைந்த பருத்தி காயாது, காற்றில் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். கோடை மாதமான ஜனவரியிலும் இங்கே பனி விழுந்ததுண்டு. கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை, ஃப்ளீஸ், தொப்பி உள்ள மழைக்கோட்டு, கையுறை, இவை ஆளுக்கு ஒன்று. ஒரு குடும்பத்துக்கு ஒன்று என்று நினைக்காதீர்கள். தண்ணீர் மூன்று லிட்டர். புளிச்சோறு நல்லதுதான், ஆனால் விறைத்த விரலால் பிரிக்க முடிகிற கடலை மிட்டாயும் பேரீச்சையும் சட்டைப்பையில் இருக்கட்டும். கழிப்பறை ராசன் பாஸ் வரை இல்லை.

குளிர் ஏறுவதை, ஏறியவரே உணரமாட்டார். கூட வருபவர் கவனிக்க வேண்டும்: ஜிப்பை இழுக்க விரல் வராது, பேச்சு குழறும், சமதளத்தில் கால் இடறும், கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார். உடனே காற்றுப் படாத பாறை மறைவில் உட்காரவைத்து, ஈர உடையை மாற்றி, விழுங்க முடிந்தால் இனிப்புக் கொடுங்கள். கை கால்களைத் தேய்க்காதீர்கள். உடல் சூடாகாமலே நடுக்கம் மட்டும் நின்றால் நிலைமை மோசம். அவசர உதவி எண் 000-ஐ அழையுங்கள்.

கைபேசி சிக்னல் பல இடங்களில் இருக்காது. அவசர இடங்காட்டிக் கருவியை (PLB) ஜிண்டபைன் ஊரிலுள்ள தேசியப் பூங்கா மையத்தில் இலவசமாக இரவல் தருகிறார்கள். பயணத் திட்டத்தை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள், திரும்பும் நேரத்தோடு. ஈஸ்டர் விடுமுறையில் போகிறவர்கள் கவனிக்க: ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. அதன்பின் மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். காலை எட்டுக்குள் கிளம்பாவிட்டால் நெற்றி விளக்கு இல்லாமல் போகாதீர்கள்.

இறங்கும் சாலையில் வரும் கல் குடில் சீமன்ஸ் ஹட். 1928 ஆகஸ்ட்டில் பனிப்புயலில் சிக்கி இறந்த லாரி சீமனின் நினைவாக, அவருடைய பெற்றோர் கொடுத்த பணத்தில் 1929-இல் கட்டியது. அவசரத்துக்கு மட்டுமே அது தங்குமிடம். அங்கிருந்து கார் நிறுத்துமிடத்துக்கு இன்னும் சுமார் ஆறு கிலோமீட்டர் என்பதால், வெளிச்சம் எவ்வளவு மிச்சம் என்று அந்த வாசலில் நின்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.