ஸ்ட்ரைக்கர் வாங்கும் முன்: பிரென்ட்ஃபோர்ட் போடும் கணக்கு

“போன சீசனில் 20 கோல் அடித்தவர்.” ஸ்ட்ரைக்கரை, அதாவது கோல் அடிப்பதே முதல் வேலையான முன்வரிசை ஆட்டக்காரரை, விற்க வரும் ஏஜென்ட் முதலில் எடுத்துவைப்பது இந்த வரியைத்தான். வாங்குகிற கிளப் அதிகம் ஏமாறுவதும் இதில்தான். அந்த 20-ல் பெனால்டி எத்தனை, எத்தனை நிமிடம் ஆடி அடித்தது, எங்கிருந்து அடித்தது, பந்தைக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று கேட்டுப் பார்த்தால் அதே 20 சில சமயம் 11 போலச் சுருங்கிவிடும்.

இந்தக் கேள்விகளை விடாமல் கேட்டுப் பிழைத்த கிளப் பிரென்ட்ஃபோர்ட். மேற்கு லண்டனில் 17,250 பேர் மட்டுமே அமரக்கூடிய மைதானம். உரிமையாளர் மேத்யூ பென்ஹாம், பந்தயம் கட்டுவதற்கான புள்ளிவிவரத் தொழிலில் இருந்து வந்தவர். 2012-ல் கிளப் அவர் கைக்கு வந்தது. அதன்பின் ஆந்த்ரே கிரே, ஸ்காட் ஹோகன், நீல் மோபே, ஆலி வாட்கின்ஸ், ஐவன் டோனி, பிரையன் எம்பூமோ, யோவான் விஸ்ஸா என்று முன்வரிசை ஆட்டக்காரர்களை வரிசையாக வாங்கி, வளர்த்து, லாபத்துக்கு விற்றது. நடுவிலேயே 2021-ல், 74 வருடங்களுக்குப் பிறகு, முதல் டிவிஷனுக்கும் (இன்றைய பிரீமியர் லீக்) ஏறிவிட்டது. விற்றுக்கொண்டே மேலே போவது கால்பந்தில் அபூர்வம்.

கோலை எண்ணுவதில் என்ன தவறு?

தவறு எண்ணுவதில் இல்லை, எண்ணிக்கை சிறியதாக இருப்பதில். ஒரு முழுநேர ஸ்ட்ரைக்கர் சீசனுக்கு ஏறக்குறைய 80 முதல் 100 ஷாட் அடிப்பார். பொதுவாகப் பத்து ஷாட்டில் ஒன்று கோலாகும். 100 ஷாட், ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக் கணக்குப் போட்டால் சராசரி 10 கோல். ஆனால் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே அது 7-க்கும் 13-க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். அந்த எல்லையையும் தாண்டுவது ஏறக்குறைய நான்கு சீசனுக்கு ஒரு முறை நடக்கும். திறமை துளியும் மாறாமலே ஒருவர் ஒரு வருடம் 7, மறு வருடம் 13 அடிப்பார். 13 அடித்த வருடம் விலை இரட்டிப்பாகும். அந்த ஏற்றத்துக்குத்தான் பல கிளப்கள் காசு கொடுக்கின்றன.

அதனால்தான் எக்ஸ்ஜி (xG, எதிர்பார்க்கத்தக்க கோல்). ஒரு ஷாட் எங்கிருந்து, காலாலா தலையாலா, எந்தக் கோணத்தில், எப்படிப்பட்ட பாஸில் வந்தது என்று பார்த்து, அதுபோன்ற ஷாட்கள் முன்பு எத்தனை முறை கோலாயின என்பதை 0-க்கும் 1-க்கும் நடுவே ஓர் எண்ணாகக் கொடுப்பது. பெனால்டி என்றால் 0.76 முதல் 0.79 வரை. 25 மீட்டரிலிருந்து அடிக்கும் ஷாட் 0.03 அளவில்தான். அடித்த கோலை விட இந்த எக்ஸ்ஜி அடுத்த சீசனைச் சரியாகச் சொல்லும். மெஸ்ஸி, ஹாரி கேன், சன் ஹியுங்-மின் போல வருடக்கணக்கில் எக்ஸ்ஜியை மிஞ்சி அடிப்பவர்கள் உண்டு; ஆனால் உங்களிடம் விலைக்கு வருபவர் அந்த ரகம் என்று நம்பி வாங்குவது சூதாட்டம்.

பார்க்க வேண்டிய எண், பெனால்டி நீக்கிய எக்ஸ்ஜி, 90 நிமிடத்துக்கு எவ்வளவு என்பது. பெரிய லீகில் இது 0.5-ஐத் தொட்டால் முதல் தரம். 900 நிமிடத்துக்குக் குறைவாக ஆடியவரின் எண்ணை நம்பாதீர்கள். பத்து ஆட்டத்தில் 25, 30 ஷாட்தான் தேறும். கடைசி 20 நிமிடம் மாற்று ஆளாக இறங்குபவரின் எண் இன்னும் மோசமாக ஏமாற்றும். களைத்த டிஃபென்ஸுக்கு எதிரே, திறந்து கிடக்கும் ஆட்டத்தில் எடுத்த எண் அது.

2024-25 பிரீமியர் லீக்கில் எம்பூமோ 20 கோல், விஸ்ஸா 19. எம்பூமோவின் 20-ல் 5 பெனால்டி. விஸ்ஸா அடித்ததில் ஒன்றுகூடப் பெனால்டி இல்லை. பெனால்டி பெட்டிக்குள் கோல் எடுக்கும் ஆள் யார் என்று மட்டும் பார்த்தால் வரிசை தலைகீழாகும். எம்பூமோ வலது ஓரத்தில் ஆடி, கார்னர் எடுத்து, பாஸும் கொடுத்தவர் என்பதால் மொத்த மதிப்பு அவருக்குத்தான் அதிகம். மான்செஸ்டர் யுனைடெட் அவருக்கு 6.5 கோடி பவுண்டும் மேல்தொகையும் கொடுத்ததாகச் செய்தி வந்தது. கோல் எண்ணிக்கையில் மட்டும் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரித்தான் தெரிவார்கள்.

எங்கே தேடுவது

பிரென்ட்ஃபோர்ட் தேடிய இடங்களைப் பாருங்கள். வாட்கின்ஸ் 2017-ல் நான்காம் டிவிஷன் எக்ஸிட்டரிலிருந்து வந்தார். மோபே அதே கோடையில் சாந்த்-எட்டியெனிலிருந்து. எம்பூமோ 2019-ல் பிரெஞ்சு இரண்டாம் டிவிஷன் துருவாவிலிருந்து. டோனி 2020-ல் பீட்டர்பரோவிலிருந்து. டோனி கதை சுவையானது: நியூகாசில் அவரை 2015-ல் வாங்கி, பிரீமியர் லீக்கில் இரண்டே முறை இறக்கிவிட்டு, வேறு கிளப்களுக்கு லோன் லோனாக (தற்காலிகக் கடனாக) அனுப்பி, கடைசியில் விற்றுவிட்டது. பெரிய கிளப் ஒதுக்கிய ஆள் என்ற முத்திரையே அவர் விலையைக் கீழே வைத்தது. மூன்றாம் டிவிஷனில் 2019-20-ல் 24 கோல். பிரென்ட்ஃபோர்ட் கொடுத்தது முதலில் 50 லட்சம் பவுண்ட், நிபந்தனைகள் நிறைவேறினால் ஒரு கோடி வரை என்று சொல்லப்பட்டது. அடுத்த சீசனிலேயே சாம்பியன்ஷிப்பில், அதாவது இரண்டாம் டிவிஷனில், 31 கோல். அன்று அது அந்த லீகின் சாதனை (மறு ஆண்டே ஃபுல்ஹாமின் மித்ரோவிச் 43 அடித்துத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்).

கீழ் லீகின் எண் மேல் லீகில் அப்படியே வராது, தேய்ந்துதான் வரும். எவ்வளவு தேயும் என்பதற்கு, அந்த லீகிலிருந்து முன்பு ஏறிப்போனவர்களின் இரண்டு எண்களையும் ஒப்பிட்டுத் தனக்கென ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளாத கிளப், ஒவ்வொரு முறையும் குருட்டாம்போக்கில்தான் வாங்கும்.

வீடியோவில் எதைப் பார்ப்பது

ஏஜென்ட் அனுப்பும் தொகுப்பு வீடியோவை மூடி வையுங்கள். முழு ஆட்டம் போட்டு, பந்து இல்லாத நேரத்தில் அவரை மட்டும் பாருங்கள். ஓரத்திலிருந்து கிராஸ் வருவதற்கு முந்தைய மூன்று விநாடிதான் விஷயம். நல்ல ஸ்ட்ரைக்கர், சென்டர்-பேக்கின் (நடுவில் நிற்கும் டிஃபெண்டரின்) முதுகுப் பக்கம் போய் நிற்பார். பந்தையும் அவரையும் ஒரே பார்வையில் அந்த டிஃபெண்டரால் பிடிக்க முடியாது. பின்கம்பத்துக்குப் போவதுபோல இரண்டு எட்டு வைத்து, டிஃபெண்டரின் இடுப்பு திரும்பியதும் முன்கம்பத்துக்கு வெட்டுவார். பந்து அவருக்கு வராமல் போகலாம். அது கிராஸ் போட்டவரின் குறை. ஓட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மோசமான அணியில் மாட்டிக்கொண்ட நல்ல ஆளை மலிவாகக் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

அடுத்தது, நம் ஆட்டத்துக்குப் பொருந்துவாரா. டோனி காலத்தில் கோல்கீப்பர் டேவிட் ராயா நீளமாக உதைப்பார். டோனி குதித்துத் தலையால் தட்டிவிடுவார். எம்பூமோ பின்னாலிருந்து ஓடிப்போய் எடுப்பார். இந்த வேலைக்கு உயரத்தை விட, குதிக்கும் நேரமும் டிஃபெண்டரை முதுகால் தாங்கும் பலமும் முக்கியம். கீழேயே பாஸ் போட்டு ஆடும் அணி டோனியை வாங்கியிருந்தால் அவர் மதிப்பில் பாதி வீணாகியிருக்கும். வாட்கின்ஸ் வேறு வகை: இரண்டு சீசன் ஓரத்தில் ஆடினார். 2019-ல் மோபே பிரைட்டனுக்குப் போனதும் அப்போதைய கோச் தாமஸ் ஃபிராங்க் வாட்கின்ஸை நடுவே நகர்த்தினார். லீகில் 25 கோல். தேடிய ஸ்ட்ரைக்கர் சில நேரம் வீட்டிலேயே இருப்பார்.

உடம்பும் பின்னணியும்

பிரீமியர் லீக் சீசனுக்கு 3,420 நிமிடம். கடந்த மூன்று சீசனில் அதில் எத்தனை சதவீதம் ஆடினார் என்பதை எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். தொடைப் பின்தசைக் காயம் ஒரு முறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். வேகமே பிழைப்பாக உள்ள ஸ்ட்ரைக்கருக்கு அதுதான் பெரிய ஆபத்து. மெடிக்கலில் முழங்கால், இடுப்பு, இதயப் பரிசோதனை எல்லாம் தேறினாலும் வாங்கிய பிறகு எதுவும் நடக்கலாம். ஹோகன் 2014-ல் வந்த சில மாதத்தில் முழங்கால் சிலுவைத் தசைநார் கிழிந்து படுத்தார். திரும்பி வரும் நேரத்தில் மறுபடி கிழிந்தது. அவரைக் கைவிடாமல் காத்திருந்து, கோல் அடிக்கத் தொடங்கியதும் 2017 ஜனவரியில் ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றார்கள்.

பழைய கோச், பிசியோ, உடன் ஆடியவர்கள் என்று நான்கைந்து பேரிடம் விசாரிப்பது கட்டாயம். அதற்கும் எல்லை உண்டு. டோனிக்கு 2023 மே மாதம் எட்டு மாதத் தடை விழுந்தது, பந்தயம் கட்டுவது பற்றிய விதிகளை 232 முறை மீறியதற்காக. அவற்றின் காலம் தொடங்குவது 2017-ல், அவர் பிரென்ட்ஃபோர்டுக்கு வருவதற்கு மூன்று வருடம் முன்பு.

காசு

டிரான்ஸ்ஃபர் தொகையை ஒப்பந்தக் காலத்துக்குப் பிரித்துத்தான் கணக்கில் எழுதுவார்கள். 3 கோடி பவுண்டுக்கு வாங்கி ஐந்து வருட ஒப்பந்தம் போட்டால் வருடத்துக்கு 60 லட்சம் செலவு. மூன்று வருடம் கழித்துக் கணக்கில் மீதி 1.2 கோடி, 2 கோடிக்கு விற்றால் வாங்கிய விலையை விடக் குறைவு, ஆனாலும் ஏட்டில் 80 லட்சம் லாபம். எட்டு வருட ஒப்பந்தம் போட்டு இழுக்கும் வித்தையை பிரீமியர் லீக் 2023 டிசம்பரில் அடைத்து, பிரிப்பதற்கு ஐந்து வருடம் என்று உச்சவரம்பு வைத்துவிட்டது.

வாங்கியவர் பின்னால் அந்த ஆளை விற்கும்போது பழைய கிளப்புக்குத் தரும் மறுவிற்பனைப் பங்கு என்ற வரியில்தான் கவனம் சிதறும். 15 சதவீதம் என்று எழுதினால் போதாது. மொத்தத் தொகையிலா, லாபத்திலா என்று எழுத வேண்டும். 20 லட்சத்துக்கு வாங்கி 2.8 கோடிக்கு விற்றால், மொத்தத்தில் 15 சதவீதம் 42 லட்சம், லாபத்தில் 39 லட்சம். வித்தியாசம் மூன்று லட்சம் பவுண்ட். ரசிகர்களே உரிமையாளராக உள்ள எக்ஸிட்டர், வாட்கின்ஸ் 2020-ல் வில்லாவுக்குப் போனபோது இப்படியொரு பங்கால்தான் கொரோனா காலத்தில் தலைதூக்கியது.

அடுத்த ஆள் எப்போது வர வேண்டும்

முந்தையவர் போவதற்கு முன். இதில்தான் பிரென்ட்ஃபோர்டின் உண்மையான கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. வாட்கின்ஸ் போவதற்குச் சில நாள் முன்பே டோனி வந்துவிட்டார். டோனி 2024 ஆகஸ்டில் சவுதியின் அல்-அஹ்லிக்குப் போனார். அவர் இடத்துக்கு கிளப் ப்ரூகேயின் இகோர் தியாகோ அந்த பிப்ரவரியிலேயே பேசி முடிக்கப்பட்டார். விற்பதற்கு முன் வாங்கினால் பேரத்தில் நம் கை ஓங்கும். விற்ற பிறகு வாங்கப் போனால் நம் பையில் எவ்வளவு இருக்கிறது என்று எதிராளிக்குத் தெரியும்.

அப்படியும் திட்டம் பிசகியது. தியாகோ சீசன் தொடங்கும் முன் ஒரு நட்பு ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டார். 2024-25 லீகில் எட்டே ஆட்டம், கோல் இல்லை. விஸ்ஸா ஏற்கெனவே அணியில் இருந்ததால் பிரென்ட்ஃபோர்ட் தப்பித்தது. 2025-ல் எம்பூமோவும் விஸ்ஸாவும் போன பிறகு தியாகோ நடுவில் நின்றார். அந்த செப்டம்பரில் எம்பூமோவை வாங்கிய அதே யுனைடெட்டுக்கு எதிராக முதல் 20 நிமிடத்தில் இரண்டு கோல்.

மறுபக்கம் நியூகாசில். அதன் ஸ்ட்ரைக்கர் ஐசக் லிவர்பூலுக்குப் போன 2025 செப்டம்பர் 1-ம் தேதியே, கடைசி நாளில், விஸ்ஸாவை வாங்கியது. 29 வயதை எட்ட இரண்டு நாள் இருந்தவருக்கு 5.5 கோடி பவுண்ட் என்றது செய்தி. அடுத்த வாரமே தேசிய அணிக்கு ஆடப்போய் முழங்கால் காயம். டிசம்பர் வரை இறங்க முடியவில்லை. காயம் யார் கையிலும் இல்லை. கடைசி நாள் விலை கிளப்பின் கையில் இருந்தது. பிரென்ட்ஃபோர்டும் எல்லாவற்றிலும் ஜெயிக்கவில்லை. 2020-ல் ஸ்பார்ட்டா ராட்டர்டாமிலிருந்து வந்த ஹலில் தெர்விஷோலு நாட்டுக்கு நாடு லோனில் போய்விட்டு, அணியில் நிலைக்காமலே கிளம்பினார்.

டேட்டா வாங்கக் காசில்லாத சின்ன கிளப்புக்கு ஒரு நோட்டு போதும். பக்கத்துக்கு ஒரு பெனால்டி பெட்டி வரைந்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். காலுக்கு வட்டம், தலைக்குச் சதுரம், பெனால்டிக்குப் பெருக்கல் குறி, கோலானால் உள்ளே நிரப்புங்கள். ஓரத்தில் ஆடிய நிமிடத்தை எழுதுங்கள். பத்து முழு ஆட்டத்துக்குப் பிறகு 11 மீட்டர் புள்ளிக்கு முன்னால் எத்தனை குறி, பெட்டிக்கு வெளியே எத்தனை குறி என்று எண்ணுங்கள். வெளியே நிரப்பிய வட்டங்கள் நிறைய, உள்ளே வெறுமை என்றால் விலை பேசுவதைத் தள்ளிப்போடுங்கள். உள்ளே நிரப்பாத வட்டங்கள் கூட்டமாக இருந்தால் அன்றைக்கே போன் போடுங்கள்.