'சித்த சுவாதீனம் இல்லாதவர்' என்றால் சட்டத்தில் யார்?

உயில் எழுதும்போது முதல் பத்தியிலேயே "நல்ல புத்தி சுவாதீனத்துடனும் பிறர் தூண்டுதல் இன்றியும்" என்று ஒரு வரி வரும், நாம் கேட்காமலே பத்திர எழுத்தர் அடித்துக் கொடுத்துவிடுவார். அதே சுவாதீனம் கிரயப் பத்திரத்திலும் உண்டு, அங்கே சொத்தைக் கைமாற்றி ஒப்படைப்பதற்கு. வடமொழியில் 'ஸ்வ' என்றால் தன், 'அதீன' என்றால் பிடியில் இருப்பது. ஆக மனசு தன் பிடியில் இல்லாதவர்தான் சித்த சுவாதீனம் இல்லாதவர். ஐரோப்பியச் சட்டத்தில் புழங்கிய 'நான் காம்போஸ் மென்டிஸ்' என்ற லத்தீன் தொடருக்கும் அச்சு அசல் இதே பொருள்தான்.

கொலை வழக்கில் இதைச் சொல்லித் தண்டனையிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறார்கள் என்று நாம் பேசுகிற விஷயத்துக்கு ஆங்கிலத்தில் 'இன்சானிட்டி டிஃபென்ஸ்' என்று பெயர். லத்தீனில் 'சானுஸ்' என்றால் நலமாக இருப்பவர், முன்னால் 'இன்' சேர்ந்தால் நலமில்லாதவர், அவ்வளவுதான். ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவில் இன்சானிட்டி என்ற சொல்லே கிடையாது, 'அன்சவுண்ட்னெஸ் ஆஃப் மைண்ட்', அதாவது மனநிலை சீராக இல்லாமை என்றுதான் இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 22-வது பிரிவு, சொல் மாறவில்லை. 2023-ல் முதலில் கொண்டுவந்த மசோதாவில் அதை எடுத்துவிட்டு 'மனநோய்' என்று போட்டிருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு பார்த்த பிறகு பழைய சொல்லே திரும்பி வந்தது. திரும்பி வந்ததுதான் சரி.

ஏனென்றால் இந்தப் பிரிவு நோயின் பெயரைக் கேட்பதில்லை. காரியத்தைச் செய்த அந்த நேரத்தில், மனநிலை கெட்டிருந்ததால், தான் செய்வது இன்னதென்றோ, அது தப்பு என்றோ சட்டத்துக்கு விரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் இருந்தாரா? கேள்வி இவ்வளவுதான். பத்து வருடமாக மனநல மருந்து சாப்பிடுகிறவர் கூட, குத்திய கத்தியைக் கழுவி ஒளித்து வைத்துவிட்டு ஊரைவிட்டு ஓடினார் என்றால், தப்பு என்று தெரிந்துதானே ஒளித்தாய் என்று நீதிமன்றம் கேட்கும். மறுபக்கம் ரத்தன்லால் வழக்கைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தில் 1965-ல் இன்னொருவர் நிலத்தில் கிடந்த காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தார். பிடித்துக் கேட்டபோது, நான்தான் கொளுத்தினேன், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று சொன்னாராம். உச்ச நீதிமன்றம் 84-வது பிரிவின் பலனை அவருக்குக் கொடுத்தது.

இந்த 'அறிதல்' என்ற அளவுகோல் லண்டனிலிருந்து வந்தது. 1843 ஜனவரியில் டேனியல் மெக்நாட்டன் என்ற ஸ்காட்லாந்து மரக்கடைசல்காரர், பிரதமர் ராபர்ட் பீல் என்று நினைத்து அவருடைய செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். ஆளும் கட்சிக்காரர்கள் தன்னைத் துரத்துகிறார்கள் என்பது அவர் நம்பிக்கை. ஜூரி குற்றமில்லை என்றது, விக்டோரியா ராணிக்கு ஒரே கோபம், பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது, அவர்கள் சொன்ன பதில்தான் மெக்நாட்டன் விதிகள். 1860-ல் அது நம் தண்டனைச் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

சரி, தமிழில் எதைச் சொல்வது? பைத்தியம் வேண்டாம். பித்தம் என்பதிலிருந்து வந்த சொல் அது, பித்தும் அப்படித்தான். பித்தம் தலைக்கேறினால் புத்தி மாறும் என்ற பழைய வைத்தியம். சுந்தரர் சிவனையே பித்தா என்று கூப்பிட முடிந்த சொல், இன்று வசவு. (கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிற நமக்கு இது புதிதல்ல.) பத்திரிகைகள் போடுகிற 'மனநலம் பாதிக்கப்பட்டவர்' இன்னும் மோசம், ஏனென்றால் சிகிச்சையில் இருக்கிற அத்தனை பேரையும் கொலைகாரரின் பக்கத்தில் நிறுத்துகிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 3-வது பிரிவிலேயே, மனநோய் இருக்கிறது என்று கண்டறிந்ததை மட்டும் வைத்து ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது என்கிறது.

சித்த சுவாதீனமின்மையிலும் ஒரு சிக்கல் உண்டு. சுவாதீனம் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுகிறது, சட்டமோ அறிவைப் பற்றிக் கேட்கிறது. 'தெரிந்துதான் செய்தேன், அடக்க முடியவில்லை' என்பது இந்தியாவில் எதிர்வாதமே இல்லை. அதனால் மனத்தெளிவின்மை என்று எழுதலாம் என்பது என் கட்சி. தெளிவு அறிவைச் சேர்ந்தது, பிரிவு கேட்பதும் அதைத்தான். 'இன்சானிட்டி டிஃபென்ஸ்' என்று மொத்தமாக வேண்டுமென்றால் மனத்தெளிவின்மை எதிர்வாதம். இதை நிறுவும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஆனால் அரசுத் தரப்பு அளவுக்கு ஐயந்திரிபற நிரூபிக்க வேண்டியதில்லை என்று 1964-ல் தயாபாய் தாக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் அவருக்கு அது உதவவில்லை என்பது வேறு கதை.

எதிர்வாதம் ஜெயித்தால் 'விடுதலை' என்று செய்தி வரும், வாசிக்கிறவர்கள் கொதிப்பார்கள். உண்மையில் அந்தத் தீர்ப்பில், இவர் அந்தச் செயலைச் செய்தாரா இல்லையா என்பதையும் நீதிபதி தனியாக எழுதியாக வேண்டும். செய்தார் என்றால் அவர்பாட்டுக்கு எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. ஒன்று பாதுகாப்பான காவல், இல்லை பிணை எழுதிக்கொடுத்து உறவினரோ நண்பரோ கூட்டிப் போவது. இந்த ஏற்பாடும் லண்டன் சரக்குதான்: 1800-ல் நாடக அரங்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நோக்கிச் சுட்ட ஜேம்ஸ் ஹாட்ஃபீல்ட் குற்றமில்லை என்று தீர்ப்பானதும், அவரை வெளியே விடாமல் இருக்கவே அவசரமாகச் சட்டம் போட்டார்கள், மன்னர் விரும்பும் வரை உள்ளே வைக்கலாம் என்று. மெக்நாட்டனும் வெளியே வரவில்லை. பெத்லெம் மனநல மருத்துவமனை, அப்புறம் பிராட்மூர் மனநலக் காப்பகம், 1865-ல் அங்கேயே இறந்தார்.

இந்தக் காவல் நீதிமன்றக் காவலும் அல்ல, குண்டர் சட்டத்துத் தடுப்புக் காவலும் அல்ல. அவற்றுக்கு நாள் கணக்கு உண்டு, இதற்குக் கிடையாது. இவரை விட்டால் இவருக்கும் பிறருக்கும் ஆபத்தில்லை என்று உரியவர்கள் சான்று கொடுத்து, மாநில அரசு உத்தரவு போட வேண்டும். யாரும் கோப்பை நகர்த்தாவிட்டால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். மனநிலை காரணமாக வழக்கு விசாரணைக்கே தகுதியில்லை என்று அடைபட்டவர்கள் பாடும் இதேதான். அப்போது பீகாரில் இருந்த ஹசாரிபாக் மத்தியச் சிறையில் மனநிலை சரியில்லை என்று அடைத்தவர்கள், தேறிய பிறகும் கேட்பாரற்றுக் கிடந்தார்கள், சிலர் 20 ஆண்டுகளுக்கும் மேல். 1982-ல் வீணா சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வெளியே வந்தார்கள். ஆகவே செய்தித் தலைப்பில் 'விடுதலை' என்று மட்டும் போடாமல், 'குற்றமில்லை எனத் தீர்ப்பு, பாதுகாப்புக் காவலில் வைக்க உத்தரவு' என்று போடுங்கள். கொஞ்சம் நீளம்தான், இரண்டு வரியாக்கிக்கொள்ளலாம்.