தாய்ப்பால் நிறைய இருக்கிறது, அதில் வைட்டமின் பி12 இல்லை

எட்டு மாதப் பையன். ஆறாம் மாதம் வரை ஆளைப் பார்த்துச் சிரித்து, குப்புற விழுந்து விளையாடியவன். இப்போது சிரிப்பும் இல்லை, தலையும் நிற்கவில்லை. உடம்பு கொழுகொழுவென்றுதான் இருந்தது. ஆனால் உள்ளங்கை வெளிறி, முடி செம்பட்டையாகி, விரல் முட்டிகளில் மட்டும் கருமை படிந்திருந்தது.

"தாய்ப்பால் தவிர எதையும் வாயில வைக்க மாட்டேங்கறான் டாக்டர். பாலுக்கு மட்டும் குறைவே இல்லை" என்றார் பாட்டி.

அந்த முட்டிகளைப் பார்த்ததும் அம்மாவிடம் திரும்பினேன். சுத்த சைவம். பால், தயிர் சின்ன வயதிலிருந்தே ஆகாது. பிரசவத்துக்குப் பிறகு பத்தியம் என்று மோரையும் நிறுத்தியிருந்தார்கள். "காலில் எறும்பு ஊர்ற மாதிரி இருக்காம்மா?" என்றேன். "ஆமா டாக்டர், உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். ரத்தப் பரிசோதனையில் இருவருக்குமே பி12 அடிமட்டத்தில் இருந்தது.

பிறக்கும்போது சுமார் 350 கிராம் இருக்கும் மூளை, ஒரு வயதில் ஏறத்தாழ 900 கிராமைத் தொடுகிறது. அந்த வேகத்தில் நரம்புகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை படிய வேண்டும். மின்கம்பிக்கு மேல் ரப்பர் மாதிரி. அதற்கு பி12 வேண்டும். அம்மா அரைவயிறு சாப்பிட்டாலும் தாய்ப்பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை பெரிதாகக் குறையாது. புரதமும் பெரும்பாலும் அப்படித்தான். பி12, அயோடின், மீனில் இருக்கும் டிஹெச்ஏ என்ற கொழுப்பு எல்லாம் அப்படியில்லை. அம்மாவின் தட்டில் இருந்தால்தான் பாலில் வரும். முருங்கைக்கீரையும் பருப்பும் நல்லதுதான்; ஆனால் அவற்றில் பி12 கிடையாது. பால், தயிர், முட்டை, மீன் என்று ஏதாவது வேண்டும். எதுவுமே ஆகாது என்றால் மாத்திரை.

பத்தியத்தை நான் கிண்டல் செய்வதில்லை. பால்சுறாப் புட்டு கொடுத்த ஊர் இது. ஆனால் "மாந்தம் வரும்" என்று மத்தியையும் நெத்திலியையும் மாதக்கணக்கில் ஒதுக்குவது டிஹெச்ஏவை ஒதுக்குவதுதான். அப்புறம் இந்த இந்துப்பு மோகம். பெரும்பாலான இந்துப்பில் அயோடின் சேர்ப்பதில்லை. பாலூட்டும் பெண்ணுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம். கடையில் சாதாரண அயோடின் உப்பையே கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பையனுக்குத் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் பி12 ஊசி போட்டோம், கூடவே குழைந்த சாதம் தொடங்கினோம். ஐந்தாம் நாள் காலை என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்தான். உட்காரப் பழக மேலும் மூன்று மாதம் ஆனது. பேச்சு இன்னமும் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறது.