மொன்சூன்: பருவமழையா, பருவக்காற்றா?

மே மாதம் பிறந்தால் இலங்கை மலையகத்து வீடுகளில் ஒரே விடயத்துக்கு மூன்று பெயர்கள் கேட்கும். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி ‘தென்மேற்குப் பருவமழை’ என்கிறது. நம் வானொலிச் செய்தி ‘தென்மேல் பருவப்பெயர்ச்சி’ என்கிறது. பிள்ளையின் புவியியல் பாடத்தில் ‘தென்மேல் மொன்சூன்’ வருகிறது. மூன்றும் ஒன்றுதானே என்று பல பேர் விட்டுவிடுகிறார்கள். மலைநாட்டில் வாழ்கிறவர்கள் அப்படி விடக்கூடாது. இவற்றுள் ஒரு சொல் மலையகத்தின் கிழக்குப் பாதிக்குப் பொருந்தாத செய்தியைச் சொல்கிறது.

முதலில் மொன்சூன். இதன் மூலம் அரபுச் சொல்லான ‘மவ்ஸிம்’. அறுவடைக் காலம், யாத்திரைக் காலம், கப்பல் புறப்படும் காலம் என்று, ஆண்டில் ஒன்றுக்கென்று குறிக்கப்பட்ட வேளைதான் மவ்ஸிம். ‘அடையாளமிடு’ என்ற பொருளுடைய வேரிலிருந்து அது பிறந்தது. ஆண்டின் ஒரு பாதியில் ஒரு திசையிலும் மறு பாதியில் எதிர்த் திசையிலும் வீசும் காற்றை நம்பி இந்து சமுத்திரத்தில் பாய் விரித்தவர்கள், அந்தக் காற்றுக் காலத்தை இந்தச் சொல்லால் குறித்தார்கள். போர்த்துக்கேய மாலுமிகள் அதைத் தங்கள் நாவுக்கு ஏற்ப மாற்றி எடுத்துப்போக, ஒல்லாந்தர் வாயிலும் புழங்கி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் ஏறியது. அங்கிருந்து நம் பாடநூலுக்கு வந்தது. அதே அரபுச் சொல் இந்தியில் ‘மௌசம்’ ஆகி வானிலையைக் குறிக்கிறது. மலாய் மொழியில் ‘மூசிம்’ ஆகிப் பருவத்தைக் குறிக்கிறது.

இத்தனை நாடு சுற்றிய சொல்லின் அடிப்பொருளில் மழை எங்கும் இல்லை. காலம் இருக்கிறது, பிறகு அந்தக் காலத்துக்குரிய காற்று சேர்ந்தது. வானம் பார்த்த பூமியில் அந்தக் காற்றோடு வரும் மழைதான் எல்லாரும் காத்திருக்கும் பொருள் என்பதால், மழை என்ற பொருள் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டது.

தமிழில் ‘பருவம்’ இதற்கு அச்சொட்டாகப் பொருந்துகிற சொல். ஒன்று நடப்பதற்குத் தக்க வேளை என்பதே அதன் பொருள். பருவம் பார்த்து விதைக்கிறோம்; பருவம் தப்பினால் விளையாது என்கிறோம். ஆகவே பருவக்காற்று என்றால் தனக்கென்று குறித்த வேளையில் வீசுகிற காற்று. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘பருவப்பெயர்ச்சி’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. பெயர்தல் என்றால் இடம் மாறுதல், திசை மாறுதல். பருவத்தோடு காற்றின் திசை புரள்வதுதான் அறிவியலிலும் மொன்சூனின் இலக்கணம். நுட்பத்தில் இதை வெல்லும் சொல் நம்மிடம் இல்லை. ஆனால் நீளம் அதிகம், பேச்சில் நிற்காது. அன்றாடத்துக்குப் பருவக்காற்று போதும்.

பருவமழை என்ற சொல்லைக் கேரளத்திலோ கொழும்பிலோ சொன்னால் பிழையில்லை. மத்திய மலைநாட்டில்தான் அது தடுக்கிறது. காரணம் மலையின் அமைப்பு. ஆசியப் பெருநிலம் சூடேறும்போது, தென்கோளத்திலிருந்து வரும் காற்று நடுக்கோட்டைக் கடந்து, புவியின் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பி, தென்மேற்கிலிருந்து இலங்கையை அடைகிறது. கடலெல்லாம் ஈரம் குடித்து வந்த அந்தக் காற்று மலையில் முட்டி மேலேறுகிறது. ஏறினால் குளிரும், குளிர்ந்தால் முகில் திரளும். கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா எல்லாம் ஓயாமல் நனைகின்றன. மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும் இடங்கள் உண்டு. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் நிரம்புவதும், கீழே வான்கதவுகள் திறக்கப்படுவதாக அறிவித்தல் வருவதும் இந்த மாதங்களில்தான்.

முகட்டைத் தாண்டியதும் கதை மாறுகிறது. ஈரத்தை இறக்கிவிட்ட காற்று மறுபக்கம் சரிகிறது. முகில் கலைந்து உலர்ந்தபின், இறங்கும் ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் சூடேறுகிறது. வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் அது வறண்ட பலத்த காற்றாக வந்து சேர்கிறது. நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையமான பட்டிப்பொலையைக் கடந்து, ஒஹியவுக்கு முன் வரும் சுரங்கத்துக்குள் ரயில் மழையோடு நுழைந்து வெயிலோடு வெளியே வருவதைப் பதுளை ரயிலில் போகிறவர்கள் ஜூலையில் பார்த்திருப்பார்கள். நீர்பிரி மேடு அங்கேதான் இருக்கிறது. காற்று ஒன்றுதான், பருவமும் ஒன்றுதான். மழை ஒரு பக்கத்துக்கு மட்டும். ஆகவே ‘பருவமழை தீவிரம்’ என்ற தலைப்பைப் படிக்கும் வெலிமடை மரக்கறி விவசாயிக்கு அது எதையும் சொல்லவில்லை. அவருடைய கிணறு வற்றப்போகிறது என்பதே அந்தச் செய்தியின் மறுபாதி.

அந்த மறுபாதிக்குத் தமிழில் நல்ல பெயரொன்று இருக்கிறது: கச்சான். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று வடக்கு கிழக்குக் கரையோர மக்கள் காற்றுகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கச்சான் மேல்காற்று. (மணிலாக்கொட்டையையும் நாம் கச்சான் என்றுதான் சொல்கிறோம், இங்கே பேச்சு காற்றைப் பற்றியது.) மலை இறங்கி மட்டக்களப்பு வரை போய்க் கடற்காற்றையே தள்ளி நிறுத்தும் இந்தச் சூட்டுக்காற்று, உலக வானிலைச் சொல்லகராதிகளில் ‘கச்சான்’ என்ற இதே பெயரில் ஏறியிருக்கிறது. அல்ப்ஸ் மலைச் சரிவில் ஃபோன் (Föhn) என்று சொல்லப்படும் காற்றின் வகை இது. நம் சொல் ஒன்று அறிவியலுக்குள் போயிருக்க, நாமே அதை மறந்து ‘வறண்ட காலநிலை நிலவும்’ என்று எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கோடை என்ற சொல்லையும் இங்கே பார்க்க வேண்டும். பழந்தமிழில் கோடை மேல்காற்றுக்கும் பெயர். தென்றல் தெற்கு, வாடை வடக்கு, கொண்டல் கிழக்கு, கோடை மேற்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை ஒதுக்கில், அதாவது மழை எட்டாத மறுபக்கத்தில், வாழ்ந்த தமிழருக்கு மேற்கிலிருந்து வந்தது சூடான உலர்காற்று. காற்றின் பெயரும் வெயிற்காலத்தின் பெயரும் ஒன்றானதில் வியப்பில்லை. அந்த அளவுகோலில் ஜூலை மாதத்துப் பதுளைக்குக் கோடை என்ற சொல் பழைய பொருளிலேயே பொருந்தும். அதே ஜூலையில் மேற்குச் சரிவின் அட்டனில் மலையேறும் பெண்கள் மழைக்குப் படங்கு கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கிறார்கள். அங்கே கோடை என்றால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தேயிலைக்கு இது நன்றாகத் தெரியும். பதுளைப் பக்கத்து ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தரும் மாதங்கள் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. வறண்ட காற்றில் துளிர் மெதுவாக வளர, வாசனை இலையில் செறிகிறது. மேற்குச் சரிவிலுள்ள திம்புளைப் பக்கத்துக்கு அந்தக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை; அப்போது வடகீழ் பருவக்காற்றுக்கு மேற்குச் சரிவு ஒதுக்குப் பக்கமாகிவிடுகிறது. ஏல விலை ஏறும் இந்த மாதங்களில் கொழுந்து குறையும். கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்குக் கைக்கு வருவதும் குறையும். காற்றின் திசையை விளங்கிக்கொள்வது வயிற்றுப்பாட்டு விடயமும் கூட.

இனி, பருவத்துக்கு முன்னால் வெளியாகும் நீண்டகால எதிர்வுகூறல். தமிழ்நாட்டில் முன்னறிவிப்பு என்பதை நாம் எதிர்வுகூறல் என்கிறோம். தெற்காசிய நாடுகளின் வானிலைத் துறைகள் 2010 முதல் ஏப்ரல் வாக்கில் கூடி, ஜூன் முதல் செப்டெம்பர் வரையான மழையைப் பற்றிப் பொதுவான கணிப்பொன்றைத் தருகின்றன. அது வழமையைவிடக் கூட, வழமையளவு, வழமையைவிடக் குறைய என்ற மூன்றில் எதற்கு வாய்ப்பு அதிகம் என்று மட்டுமே சொல்லும். பசிபிக் சமுத்திரத்தின் நடுக்கோட்டுப் பகுதி வழமையைவிடச் சூடேறும் எல் நினோ வலுத்த ஆண்டுகளில் தென்மேல் பருவத்து மழை குறையவும், ஒக்டோபருக்குப் பிறகு மழை கூடவும் வாய்ப்பு அதிகம். ஆனால் நான்கு மாத மொத்தக் கணக்கு எந்த நாளில் எந்தச் சரிவில் கொட்டும் என்று காட்டாது. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்தது சில நாட்கள் கொட்டிய பெருமழையில். பருவத்துக்கு எதிர்வுகூறல், நாளைக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல், சரிவுக்கு மண்சரிவு எச்சரிக்கை என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு சொல்: இடைப்பருவம். மார்ச், ஏப்ரல் முதலாவது. ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது. ‘இடை’ என்றதும் ஓய்வுக் காலம் என்று தோன்றும். உண்மையில் பின்னேர இடிமழையும் வங்கக் கடல் தாழமுக்கங்களும் தீவு முழுவதையும் நனைக்கும் காலம் இரண்டாவது இடைப்பருவம். ஊவாவின் வறண்ட மாதங்களுக்குப் பின் சரிவுகளில் நீர் ஊறுவது அப்போதுதான். ஊவாவின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயங்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29 அன்று. செப்டெம்பரோடு ‘பருவமழை முடிந்தது’ என்று எழுதுவதைவிட, ‘தென்மேல் பருவக்காற்று ஓய்ந்தது, ஊவாவில் இனித்தான் மழை’ என்று எழுதினால் அந்தப் பக்கத்து மக்களுக்கு வேண்டிய செய்தி அதில் இருக்கும்.