பழைய காரின் தகட்டு மூட்டுக்கு எந்த சீலன்ட்?

பழைய காரில் துரு எங்கே பிடிக்கும் என்று கேட்டால், பெயின்ட் உரிந்த இடத்தில் என்றுதான் பலரும் சொல்வார்கள். அந்தத் துரு கண்ணுக்குத் தெரியும், தேய்த்து எடுத்துவிடலாம். காரைத் தின்று தீர்ப்பது, இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் மூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் துரு. வெளியே பெயின்ட் கொப்புளம் கட்டும்போது உள்ளே தகடு பெரும்பாலும் சல்லடையாகியிருக்கும்.

காரின் பாடியில் பெரும்பாலான மூட்டுகளை முழு நீளத்துக்கும் பற்றவைப்பதில்லை. விளிம்புகளை அடுக்கி, சில சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாக ஸ்பாட் வெல்டிங் செய்கிறார்கள். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் மயிரிழை அளவுக்கு இடைவெளி இருக்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், மேல்நோக்கியும் இழுக்கும். போன தண்ணீர் லேசில் காயாது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் விசித்திரம். இடுக்கின் ஆழத்தில் இருக்கும் நீரில் கரைந்த ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. வாய்ப்பக்கத்து நீருக்கோ காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வே ஒரு சிறு மின்கலத்தை உண்டாக்குகிறது. வாய்ப்பக்கம் கேத்தோடு, உட்பக்கம் ஆனோடு. கரைந்துபோவது ஆனோடு, அதாவது, ஆக்சிஜன் இல்லாத இடத்து இரும்புதான் அரிக்கப்படுகிறது. சாலை உப்போ கடற்கரைக் காற்றின் உப்போ சேர்ந்தால் குளோரைடு உள்ளே குவிந்து, நீர் அமிலமாகி, அரிப்பு வேகம் பிடிக்கிறது. துருவின் கன அளவு, அது தின்ற இரும்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அது தகடுகளை நெம்பிப் பிரிக்கிறது. இன்னும் அதிகத் தண்ணீர் உள்ளே போகிறது.

சீலன்ட் என்ற அடைப்புப் பசையின் வேலை இடுக்கின் வாயை அடைப்பது. கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ஓர் ஓரத்தில் மட்டும் பிடி விட்ட சீலன்ட், தனக்கும் தகட்டுக்கும் நடுவில் இன்னொரு இடுக்கை உருவாக்கிவிடுகிறது. தண்ணீர் புகும், வெளியேறாது, மேலே பெயின்ட் பளபளப்பதால் யாருக்கும் தெரியாது. அந்த மூட்டைத் திறந்தே விட்டிருக்கலாம். ஆகவே ஒரு சீலன்டிடம் கேட்க வேண்டியவை மூன்று: பிடிக்குமா, அசைந்து கொடுக்குமா, உலரும்போது என்ன வெளிவிடும்?

மூன்றாவது கேள்வியிலேயே சிலிகோன் தோற்றுவிடுகிறது. குளியலறையில் பூசும் சாதாரண சிலிகோன் கெட்டியாகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அந்தப் புளித்த காடி வாசனை அதனுடையதுதான். வெறும் இரும்பின்மேல் அமிலத்தைத் தடவித் துருவைத் தடுப்பது வேடிக்கையான திட்டம். அமிலம் வெளிவிடாத சிலிகோன்களும் உண்டு. ஆனால் எந்தச் சிலிகோன்மேலும் பெயின்ட் நிற்காது. அதன் எண்ணெய்ப்பசை சிறிதளவு பட்ட தகட்டிலும் பெயின்ட் குழி குழியாக விலகி நிற்கும். பாடி வேலை நடக்கும் கூரைக்குள்ளேயே அதைக் கொண்டுவரக் கூடாது என்பது என் கட்சி.

கரைப்பான் கலந்த ரப்பர் வகை மலிவானது, தூரிகையால் பூசலாம். ஆனால் கரைப்பான் ஆவியாகப் போகும் அளவுக்குச் சீலன்ட் சுருங்கும். தடிமனாகப் பூசினால் நடுவில் பள்ளம் விழுந்து பிறகு வெடிக்கும். தொழிற்சாலைகளில் பூசும் பிவிசி வகை பெயின்ட் அடுப்பின் சூட்டில்தான் இறுகும். அடுப்பில்லாத பட்டறையில் அதற்கு வேலையில்லை.

மிஞ்சுவது இரண்டு. ஒன்று பாலியூரித்தேன். காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து இறுகும். வெளியிலிருந்து உள்நோக்கி, பொதுவாக நாளொன்றுக்கு 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை. தொட்டால் ஒட்டவில்லை என்பது மேல்தோல் மட்டும் ஆறியதற்கு அடையாளம். அந்த வினையில் கார்பன் டை ஆக்சைடு வெளிவருவதால், அதிக ஈரத்தில் கனமாகப் பூசினால் உள்ளே குமிழிகள் தங்கும். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டும். வெயில் பட்டால் மேற்பரப்பு கெடும் என்பதால் மேலே பெயின்ட் கட்டாயம். மற்றது எம்எஸ் பாலிமர் எனப்படும் சிலேன் வகை. 1970களின் பிற்பகுதியில் ஜப்பானில் உருவானது. இதுவும் ஈரத்தால்தான் இறுகும். ஐசோசயனேட் கிடையாது, குமிழி விடாது, வெளிவிடுவது சிறிதளவு மெத்தனால். வெயிலையும் நன்றாகத் தாங்கும். வீட்டில் வேலை செய்பவருக்கு இதையே சொல்வேன்.

எபாக்சி வகை வேறு இனம். கல்லாக இறுகும், அபாரமாகப் பிடிக்கும், அசையாது. கதவின் விளிம்பு மடிப்பு போன்ற இறுக்கமான இடங்களுக்குப் பொருந்தும். தரைத்தகட்டு மூட்டில் பூசினால் வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் முறுகும்போது விரிசல் விடும். வெப்பமும் தன் பங்கைச் செய்கிறது: ஒரு மீட்டர் எஃகு 50 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் நீளும். இரு தகடுகளும் சேர்ந்து நீண்டால் வம்பில்லை. வெயிலில் காயும் கூரையும் நிழலில் இருக்கும் சட்டமும் ஒரே அளவு நீள்வதில்லை.

பிடிப்பு என்பது பாதி சீலன்டின் குணம், பாதி அடியில் இருப்பதன் குணம். துருவின்மேல் பூசினால் சீலன்ட் துருவைத்தான் பிடித்திருக்கும், தகட்டை அல்ல. சுத்தமான தகடு, அதன்மேல் எபாக்சி பிரைமர் (பெயின்டுக்கு முந்திய அடிப்பூச்சு), அதன்மேல் சீலன்ட், பிறகு பெயின்ட் என்ற வரிசை பெரும்பாலும் ஏமாற்றாது. அமிலம் கலந்த எட்ச் பிரைமரின்மேல் நேராகப் பூச, சீலன்ட் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய சீலன்டை விட்டுவைக்கலாமா என்பதற்கு ஒரு கத்தி போதும். நுனியை ஓரத்தில் செருகி நெம்புங்கள். பிய்ந்து, தகட்டில் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது. நாடாபோல முழுநீளமாக உரிந்து வந்து, அடிப்பக்கத்தில் பழுப்புப் பொடி அப்பியிருந்தால், கடைசித் துணுக்குவரை சுரண்டி எடுக்க வேண்டும்.

பெட்டிபோல மூடிய பகுதிகளுக்குள் துருவைத் தடுக்க அடிக்கும் மெழுகு, சீலன்டும் பெயின்டும் முடிந்த பிறகுதான். முன்பே அடித்தால் மெழுகு இடுக்கு வழியே கசிந்து வரும், அதன்மேல் எந்தச் சீலன்டும் நிற்காது. கதவின் அடியிலும், கதவுக்குக் கீழே நீளும் படிப் பகுதியின் அடியிலும் இருக்கும் சிறு துளைகள் தண்ணீர் வடிவதற்காக விட்டவை. சீலன்ட் குழாய் கையில் இருக்கும் உற்சாகத்தில் அவற்றையும் அடைத்துவிடாதீர்கள்.