பாட் ஓடுகிறது, சரி. வேலை நடக்கிறதா?

போன வாரமும், செயலியை குபர்நெட்டீஸில் ஓட்டும் ஒரு குழு கூப்பிட்டது. (குபர்நெட்டீஸ் என்பது செயலிகளைப் பல கணினிகளில் ஓட்டிப் பராமரிக்கும் மென்பொருள்; பாட் என்பது அதில் ஓடும் செயலியின் ஒரு பிரதி.) பயனர்கள் பக்கம் திறக்கவில்லை என்று புகார் மேல் புகார் அனுப்புகிறார்கள். குழுவோ, "பாட் எல்லாம் ரன்னிங்லதான் இருக்கு, சிபியு, மெமரி கிராஃபும் நார்மல்" என்கிறது. செயலிக்குள்ளிருந்து என்ன மெட்ரிக் (அளவீடு) எடுக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. இதே பேச்சைப் பேசிப் பேசி அலுத்துவிட்டது.

குபர்நெட்டீஸில் சிபியு, மெமரி எண்களை ஒவ்வொரு நோடிலும் (பாட்கள் ஓடும் கணினி) இருக்கும் குபெலெட் என்ற நிரல் தானாகவே தந்துவிடுகிறது. ஆனால் அது கன்டெய்னரை, அதாவது பாட்டுக்குள் செயலி ஓடும் பெட்டியை, வெளியிலிருந்துதான் பார்க்கிறது. உள்ளே எத்தனை ரெக்வெஸ்ட் வந்தது, எத்தனை தோற்றது, பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. "மெட்ரிக்ஸ் சர்வர் போட்டிருக்கோமே" என்பார்கள். அது ஆட்டோஸ்கேலிங்குக்காக (சுமைக்கேற்பப் பாட் எண்ணிக்கையைத் தானாக மாற்றுவதற்காக) வந்தது. அண்மை அளவை மட்டும் வைத்திருக்கும். நேற்று இரவு என்ன நடந்தது என்று அதனிடம் கேட்க முடியாது.

அந்த கிராஃப் தப்பாகவும் வழிகாட்டும். டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸோடு பேசத் திறந்து வைத்திருக்கும், எண்ணிக்கை வரம்புள்ள இணைப்புகள்) நிரம்பிவிட்டது என்று வையுங்கள். வருகிற ரெக்வெஸ்ட் எல்லாம் காத்து நிற்கும். காத்து நிற்பதற்கு சிபியு செலவாகாது, அதனால் கோடு கீழே இறங்கும். ஆட்டோஸ்கேலர் சிபியுவை நம்பி இருந்தால், வேலை குறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு பாட்களையும் குறைக்கும். டேட்டாபேஸைத் தொடாத ஹெல்த் செக் (செயலி நலமா என்று பார்க்கும் சோதனை) 200, அதாவது 'எல்லாம் சரி', என்று சொல்லிக்கொண்டே இருக்கும். செயலி மூச்சுத் திணறும் நேரத்தில்தான் டாஷ்போர்டு மிக அமைதியாக இருக்கும்!

ப்ரோமிதியஸ் என்பது மெட்ரிக்குகளைச் சேகரித்து வைக்கும் கண்காணிப்பு மென்பொருள். அதன் கிளையன்ட் லைப்ரரியைச் செயலியில் சேருங்கள். ரெக்வெஸ்ட் எண்ணிக்கை, எரர், பதில் நேரம், பூலுக்காகக் காத்திருப்பவை: இந்த நான்கு போதும், தொடங்குவதற்கு. பதில் நேரத்துக்கு சராசரி வேண்டாம், ஹிஸ்டோகிராம் (எந்த நேர வரம்புக்குள் எத்தனை பதில் என்ற கணக்கு) வையுங்கள். மோசமாக அடிபடும் பயனர்கள் சராசரியில் காணாமல் போய்விடுவார்கள்.

அப்புறம், சர்வீஸ் மானிட்டர் (எந்தச் செயலியிடம் மெட்ரிக் எடுக்க வேண்டும் என்று ப்ரோமிதியஸுக்குச் சொல்லும் அமைப்பு) எழுதியதும் வேலை முடிந்தது என்று எழுந்து போகாதீர்கள். அதில் செயலியை அடையாளம் காட்டும் லேபிள் ஒன்று பொருந்தாவிட்டாலும், போர்ட்டின் பெயர் மாறியிருந்தாலும் ப்ரோமிதியஸ் எந்தப் பிழையும் காட்டாது. டார்கெட்டே (ப்ரோமிதியஸ் மெட்ரிக் எடுக்கும் இடம்) உருவாகாது. டார்கெட் இல்லையென்றால், அதை எட்ட முடிகிறதா என்று 1 அல்லது 0 சொல்லும் 'அப்' மெட்ரிக் 0 ஆகாது, அந்த மெட்ரிக்கே இருக்காது. அதை நம்பிய அலர்ட்டும் அடிக்காது. டார்கெட் பக்கத்தைக் கண்ணால் பாருங்கள். மெட்ரிக் காணாமல் போனதைக் கண்டுபிடிக்கும் 'ஆப்சென்ட்' வைத்து ஓர் அலர்ட் போடுங்கள்.

தயவுசெய்து பயனர் எண்ணையோ ஆர்டர் எண்ணையோ மெட்ரிக்கின் லேபிளில் வைக்காதீர்கள். ஒவ்வொரு புது மதிப்பும் ப்ரோமிதியஸுக்குத் தனியாகச் சேமிக்க வேண்டிய ஒரு புதுத் தொடர், எல்லாம் மெமரியில் உட்காரும். ஒருநாள் ப்ரோமிதியஸே மெமரி போதாமல் விழும், அதுவும் அது மிகத் தேவைப்படும் நேரத்தில். அந்த விவரமெல்லாம் லாகில் இருக்கட்டும்.

எல்லாம் வைத்தபின், சோதனைச் சூழலில் டேட்டாபேஸை நிறுத்திப் பாருங்கள். சில நிமிடங்களில் அலர்ட் வரவில்லை என்றால் செயலியை வெளியிடாதீர்கள்.